கழிவுக் குழாய் அடைக்கிறது, பொங்குகிறது, நாறுகிறது: கமரா இறக்கும் முன்னும் இறக்கிய பின்னும்

திருகோணமலையில் அநேகமான வீடுகளின் கழிவு பொதுக் குழாய் எதற்கும் போவதில்லை. கொமட்டின் பின்னால் 110 மில்லிமீற்றர் பிவிசி குழாய், வழியில் மூடி போட்ட பார்வைக் குழியான மான்ஹோல் ஒன்றோ இரண்டோ, பிறகு மலக்குழி, அதற்கும் அப்பால் உறிஞ்சு குழி. அவ்வளவுதான் பாதை. இதில் வரும் பிழைகளில் பாதிக்கு மேல் மூடிகளைத் திறந்து பார்த்தாலே பிடிபட்டுவிடும். மண்ணுக்குள் மறைந்திருக்கும் துண்டில் எத்தனையாவது அடியில் என்ன நடந்திருக்கிறது என்று கிண்டாமல் அறியத்தான் கமரா. அது அடைப்பை எடுக்காது, ஏன் அடைத்தது என்று மட்டுமே காட்டும். அதனால் அடைத்துக் கிடக்கும் குழாய்க்குள் அதை விட்டால் கிடைப்பது மண்ணிறத் தண்ணீரின் படம், கூடவே ஒரு பில்.

வேலைக்கு முன் கையில் வைத்திருங்கள்: ரப்பர் கையுறை, முழங்கால் வரை பூட்ஸ், ரோச், மூடி கிளப்ப ஒரு அலவாங்கு, இரண்டு வாளி, அளவு நாடா, சோக்கட்டி. காலில் புண் இருந்தால் அன்றைக்கு வேறு யாரையாவது பிடியுங்கள், எலிக்காய்ச்சல் வரும் வழி அதுதான். மலக்குழி மூடியைத் திறந்தால் கால் மணித்தியாலம் காற்றோட விடுங்கள். பக்கத்தில் பீடியோ தீக்குச்சியோ வேண்டாம். தலையை உள்ளே நீட்டக்கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக்கூடாது. உள்ளே இருக்கும் ஐதரசன் சல்பைட்டு முதலில் மூக்கை மழுக்கிவிடும், மணம் இல்லை என்பதால் வாயு இல்லை என்று ஆகாது. ஒருவர் விழுந்தால் அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார்.

## அறிகுறி 1: ஒரே ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது

மற்ற இடங்களில் எல்லாம் சரியாகப் போனால் பிழை அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய கமராவுக்கு இங்கே வேலை இல்லை.

பேசினிலும் குசினி சிங்கிலும் அடியில் நீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் போத்தல் ட்ராப்பைக் கையால் திருகிக் கழற்றுங்கள், கீழே வாளி வைத்துவிட்டு. குளியலறைத் தளத்து ட்ராப்பில் முடியும் சவர்க்காரமும் கயிறு திரித்ததுபோல் இருக்கும். கொமட் மட்டும் அடைத்தால் ரப்பர் கோப்பையை நீருக்குள் முழுதாக அமுக்கி, இருபது தரம் போல இழுத்து அழுத்துங்கள். காற்றை அழுத்துவதால் பயனில்லை, கோப்பை நிறைய நீர் இருக்கவேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால், 40 அல்லது 50 மில்லிமீற்றர் கிளைக் குழாய்க்குள் கைபேசியில் பொருத்தும் மலிவு எண்டோஸ்கோப் போதும். அதன் தலை 8 மில்லிமீற்றர் அளவுதான், இரண்டு எல்போ (வளைவுத் துண்டு) வரை வளைந்து போகும். குசினி லைனில் மேல் சுவரிலும் வெள்ளைப் படை ஒட்டியிருந்தால் அது எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சோற்றுக் கஞ்சியும். கொதிநீர் கொஞ்சம் இளக்கும், ஆனால் இளகியது அடுத்த வளைவில் மறுபடி உறையும். இழுத்து வெளியே எடுப்பதே முடிவு.

அமிலம் ஊற்றாதீர்கள். ஊற்றியிருந்தால் பிறகு வருகிற பிளம்பரிடம் சொல்லுங்கள், அடைப்பெடுக்க உள்ளே விடும் நீளக் கம்பியான ரொட்டில் தெறிப்பது அவருடைய முகத்தில். பிளீச்சிங் பவுடர் போட்ட குழாயில் அமிலம் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும்.

## அறிகுறி 2: கொமட்டில் தண்ணீர் விட்டால் குளியலறைத் தளத்தில் பொங்குகிறது

இது பிரதான லைனின் பிழை, அல்லது குழியின் பிழை. எது என்று அறிய மூடிகளைக் குழியிலிருந்து வீட்டை நோக்கி ஒவ்வொன்றாகத் திறந்துவாருங்கள். பலர் வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கி, நிறைந்து நிற்கும் முதல் மான்ஹோலைத் திறந்து தளமெல்லாம் நாறடிப்பார்கள்.

### மலக்குழியில் நீர் உள்வரும் குழாயை மூடி நிற்கிறது

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்கவேண்டும். நன்றாக வேலை செய்யும் மலக்குழியும் எப்போதும் நிறைந்தே இருக்கும். அதன் நீர்மட்டம் வெளியேறும் குழாயின் அடிமட்டத்தில் நிற்கும். உள்வரும் குழாய் அதைவிட இரண்டு மூன்று இஞ்சி உயரத்தில் இருக்கும். எனவே "குழி நிரம்பிவிட்டது" என்பது பிழையல்ல. உள்வரும் குழாயின் வாய்க்கு மேல் நீர் ஏறி நின்றால்தான் பிழை.

அப்படி ஏறி நின்றால் மலிவானதிலிருந்து பாருங்கள். முதலில் வெளியேறும் வாயிலுள்ள T வடிவக் குழாய்த் துண்டைப் பாருங்கள், மிதக்கும் படை அதை அடைத்திருக்கலாம். நீண்ட கம்பால் மேலிருந்தபடியே தட்டிவிட்டால் மட்டம் கண்முன்னே இறங்கும். அடுத்தது அடிச் சேறு. ஒரு கம்பில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கி எடுத்தால் கறுப்புப் படிந்த உயரம் தெரியும். குழியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு சேறு என்றால் குழியை உறிஞ்சி எடுக்கும் கலிபவுசர் வண்டியைக் கூப்பிடும் காலம் வந்துவிட்டது. உங்கள் உள்ளூராட்சி சபையில் விண்ணப்பித்துப் பணம் கட்டினால் முறைக்கு வரும். இரண்டும் சரி, மட்டம் இன்னும் இறங்கவில்லை என்றால் உறிஞ்சு குழி இனி உறிஞ்சவில்லை. அது புதுக் குழிக்கான செலவு, கமராவுக்கான செலவு அல்ல.

பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் குழி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: உப்புவெளி, நிலாவெளி போன்ற கடலோர மணலில் மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும்போது குழியை முழுதாக உறிஞ்சி எடுத்தால் அது மிதந்து கிளம்பிவிடும், குழாய்கள் இரண்டு பக்கமும் முறியும். பாதி எடுத்து, உடனே தண்ணீர் விட்டு நிரப்பச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, கோடையிலேயே எடுப்பது.

### குழி சரி, ஆனால் அதற்கு முந்திய மான்ஹோல் நிறைந்து நிற்கிறது

அடைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில். குழிப் பக்கத்திலிருந்து மேல்நோக்கி ரொட் விடுவதே சுத்தமான வழி, ஆனால் அடைப்பு உடையும்போது மான்ஹோலில் நின்றதெல்லாம் ஒரேயடியாக வரும், விலகி நில்லுங்கள். மூங்கில் பிளாச்சு வேண்டாம், உள்ளே முறிந்து அதுவே அடுத்த அடைப்பாகக் கிடக்கும்.

ரொட் போன தூரத்தைக் கட்டாயம் குறியுங்கள். முட்டிய இடத்தில் ரொட்டைப் பிடித்து, வெளியே இழுத்து, நாடாவால் அளந்து, மான்ஹோல் சுவரில் சோக்கட்டியால் எழுதுங்கள். இரண்டாம் முறை அடைத்தால் இந்த எண்தான் முதல் சாட்சி. ரொட் முனையில் வருவதையும் பாருங்கள். துணி, நப்கின், குழந்தை துடைக்கும் ஈரத்தாள் என்றால் வீட்டுப் பழக்கத்தை மாற்றினால் போதும். வேர்நார், மணல், பிவிசி சில்லு என்றால் அறிகுறி 3-க்குப் போங்கள்.

### எல்லா மான்ஹோலும் காய்ந்து கிடக்கின்றன, வீட்டுக்குள் மட்டும் பொங்குகிறது

அடைப்பு வீட்டுச் சுவருக்கு உள்ளே, அல்லது சுவரைக் கடக்கும் இடத்தில். மான்ஹோலிலிருந்து வீட்டை நோக்கி ரொட் விடுங்கள். மெத்தென்று முட்டினால் அடைப்பு. கல்லில் முட்டியதுபோல் கணீரென்று துள்ளினால் டைல்ஸ் வேலை நடந்தபோது கழுவிவிட்ட சீமெந்து. புது வீட்டிலும், அண்மையில் குளியலறை திருத்திய வீட்டிலும் முதலில் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான். அதை ரொட்டால் உடைக்க முனைந்தால் எல்போதான் உடையும். இங்கே நிறுத்தி, கமரா வைத்து எந்த எல்போ என்று உறுதிசெய்த பிறகே தளத்தை உடைக்கலாம்.

## அறிகுறி 3: எடுத்த அடைப்பு சில வாரங்களில் அதே இடத்தில் திரும்புகிறது

கமராவுக்கென்றே உள்ள அறிகுறி இது. ஒருமுறை அடைத்தால் பழக்கப் பிழை, அதே அடியில் மறுபடி அடைத்தால் குழாயில் பிழை. ஒவ்வொரு தடவையும் ரொட் போடுகிறவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பது வீண்.

### கமரா விடுவதற்கு முன்

அடைப்பை எடுத்து, மேலிருந்து நாலைந்து வாளித் தண்ணீர் வேகமாக ஊற்றிக் கழுவுங்கள். ஒரு மணித்தியாலம் யாரும் கொமட்டோ குழாயோ பாவிக்கக்கூடாது. உடைவு இருப்பதாகச் சந்தேகம் என்றால் உயரழுத்த நீர் பாய்ச்ச விடாதீர்கள். மணல் நிலத்தில் அது உடைவின் வெளிப்புறத்தைக் குடைந்து, சின்ன ஓட்டையைப் பெரிய பள்ளமாக்கிவிடும்.

கொமட் வழியாகக் கமரா போகாது, ட்ராப்பின் வளைவு விடாது. மான்ஹோலிலிருந்துதான் விடவேண்டும். மான்ஹோலே இல்லாத வீடுகளும் உண்டு, டைல்ஸ் போடும்போது மூடி மறைத்த வீடுகள் அதைவிட அதிகம். அப்படியானால் வெளிச்சுவரை ஒட்டிக் குழாயை வெட்டி, மூடியுள்ள ஒரு Y வடிவ இணைப்பைப் பொருத்துவது நல்லது. கொமட்டைக் கழற்றிப் போடுவதைவிட மலிவு, பிறகும் பயன்படும்.

### எந்தக் கமரா

கைபேசி எண்டோஸ்கோப்பை 110 மில்லிமீற்றர் குழாயில் அப்படியே விட்டால் தலை அடியில் நீருக்குள் புரளும், வெளிச்சமும் போதாது, சில சென்ரிமீற்றருக்கு அப்பால் தெளிவும் இல்லை. அவசரத்துக்கு அதையே பாவிப்பதானால் வளையக்கூடிய விறைப்பான ஒரு குழாயோடு சேர்த்துக் கட்டி, பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி வளையமாக மாட்டி, தலை அடியிலிருந்து இரண்டு இஞ்சி உயர்ந்து நிற்கும்படி செய்யுங்கள். ஒவ்வொரு அடிக்கும் இன்சுலேஷன் ரேப் ஒரு சுற்று. 10, 15 அடிக்கு இது தாங்கும்.

கூலிக்கு வரும் ஆளிடம் நாலு விடயம் கேளுங்கள். கமராத் தலை தானாக நிமிர்ந்து நிற்குமா? இல்லாவிட்டால் விரிசல் மேலேயா கீழேயா என்று தெரியாது. திரையில் தூரம் ஓடுமா? தலையில் 512 ஹேர்ட்ஸ் சமிக்ஞை அனுப்பியும், மேலே நின்று அதைப் பிடிக்கும் கருவியும் இருக்கிறதா? பதிவைத் தருவாரா? தூரமும் பதிவும் தரமுடியாதவர் வந்து போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. சமிக்ஞைக் கருவி இல்லாமல் சமாளிக்கலாம்: குழாய் நேராகவும் ஆழம் குறைவாகவும் இருந்தால் கேபிளை முன்பின் அசைக்கச் சொல்லி, மேலே ஒரு கம்பியை மண்ணில் ஊன்றிக் காது வைத்தால் தட்டும் சத்தம் கேட்கும்.

### விடும் முறை

தலை குழாய் வாயில் இருக்கும்போது தூரத்தைச் சுழியமாக்குங்கள். முதலில் நிற்காமல் மறுமுனை வரை. வாசிப்பதும் பதிவதும் திரும்பி இழுக்கும்போதுதான், மெதுவாக, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு கணம் நிறுத்தி. தள்ளும்போது கேபிள் வளைந்து தூரக் கணக்குச் சற்றே கூடும், இழுக்கும்போது நேராகும். ஒரு தடவை தண்ணீர் இல்லாமலும், இன்னொரு தடவை பேசின் குழாயைப் பாதி திறந்துவிட்டும் பாருங்கள். முதலாவதில் தேங்குவது தெரியும், இரண்டாவதில் ஓட்டம் எங்கே தடுக்குப்படுகிறது என்று தெரியும்.

### படம் காட்டுவதை வாசிப்பது

நீர்க்கோடு ஏறி, சில அடியில் மறுபடி இறங்குகிறது. குழாய் தொய்ந்திருக்கிறது. கடலோர மணலில் குழாயின் கீழ் மண்ணை இடித்து இறுக்காமல் மூடிய இடங்களில் இதுதான் முதல் பிழை. மேலேறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் குறியுங்கள், அந்த நீளம்தான் கிண்டவேண்டிய நீளம். நீர் குழாயின் கால்வாசிக்குக் கீழே, அடியில் கட்டியும் இல்லை என்றால் விட்டுவிடலாம். பாதிக்கு மேல் என்றால் வாய்ப்பில்லை, மாற்றத்தான் வேண்டும்.

நீர்க்கோடு ஏறியது ஏறியபடியே, கடைசி வரை இறங்கவில்லை. தொய்வு அல்ல. கீழே குழியின் மட்டம் உயர்ந்திருக்கிறது. அறிகுறி 2-க்குத் திரும்புங்கள். இதைத் தொய்வு என்று வாசித்து முற்றத்தைக் கிண்டுவது அடிக்கடி நடக்கிறது, அதனால்தான் குழி மூடியை முதலில் திறக்கச் சொன்னது.

மூட்டில் பிறைபோல ஒரு விளிம்பு. மூட்டு விலகியிருக்கிறது. நீரோடும் திசையில் பார்க்கும்போது அடியில் படி மேலேறினால் கடதாசி அங்கே மாட்டும். படி கீழிறங்கினால் தொல்லை குறைவு. எனவே கமரா எந்தப் பக்கத்திலிருந்து விடப்பட்டது என்று பதிவின் தொடக்கத்தில் குரலாகச் சொல்லிவையுங்கள். விலகல் அதிகம் காணும் இடம் மான்ஹோல் சுவரை ஒட்டிய முதல் அடி. பாரமான மான்ஹோல் மணலில் தாழும், குழாய் தாழாது.

நார்போல மெல்லிய வேர்கள், பிறகு வால்போல ஒரு கற்றை. பழைய வீடுகளின் சுட்ட மண் குழாய்களில் இரண்டு அடிக்கு ஒரு சீமெந்து மூட்டு இருக்கும், ஒவ்வொன்றும் வேருக்கு ஒரு வாசல். பிவிசியில் வேர் கண்டால் பசை (கம்) சரியாக ஒட்டாத சொக்கெட், அதாவது இணைப்பு மூட்டு. மேலே வேம்பா பூவரசா என்று பாருங்கள். வெட்டி எடுத்த வேர் திரும்ப முளைக்கும், ஒரு மூட்டு என்றால் அதை மாற்றுங்கள், வரிசையாக மூட்டெல்லாம் வேர் என்றால் லைனையே.

அடியில் மணல். கவனமாக வாசிக்கவேண்டியது. கடற்கரை விருந்தினர் விடுதிகளில் குளித்துக் கழுவும் மணல் ட்ராப் வழியே உள்ளே வரும். அது குளியலறைக் கிளை சேரும் இடத்திலிருந்து மெல்லிய பாயாகச் சீராகப் படியும். உடைவு வழியே வரும் மணல் ஓரிடத்தில் குவியும், குவியலுக்கு மேற்புறமாக, அதாவது வீட்டுப் பக்கமாகச் சிறிது தள்ளிப் பார்த்தால் ஓட்டையோ வெடிப்போ தெரியும். முன்னதற்குக் கால் கழுவும் குழாயைத் தோட்டத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

வட்டம் நீள்வட்டமாகத் தெரிகிறது. மேலே பாரம் ஏறுகிறது. வாகனம் நிறுத்தும் இடம், லொறி வந்துபோகும் வழி, சில நேரம் கலிபவுசரே ஏறிய இடம். வெடிக்கவில்லை என்றால் மேலே கொங்கிரீட் பிளேட் போட்டுப் பாரத்தைப் பரப்பலாம்.

குழாய் திடீரென்று சிறுக்கிறது. 110-இல் 90-ஐச் செருகி ஒட்டியிருக்கிறார்கள். மீதிக் குழாய் வாங்காமல் கையில் இருந்ததை வைத்து முடித்த வேலை. தீர்வு மாற்றுவது மட்டும்.

### கிண்டுவது யார்

முற்றத்தில், 3 அடிக்குள், ஒரே உடைவு என்றால் நல்ல பிளம்பர் ஒருவரே போதும். உடைவின் இருபுறமும் ஒரு அடி கூட்டி வெட்டி, வழுகும் சொக்கெட் இரண்டு போட்டுப் புதுத் துண்டை இணைப்பார். கீழே 4 இஞ்சி மணல் விரித்து, இடித்து, 10 அடிக்கு 3 இஞ்சி சரிவு பிடிக்கச் சொல்லுங்கள். மூடுவதற்கு முன் நீர் விட்டுப் பாருங்கள். நாலு அடிக்குக் கீழே மணல் பள்ளம் எச்சரிக்கை இல்லாமல் சரியும், பலகை கட்டாமல் ஆளை இறக்காதீர்கள். வீட்டுத் தளத்தின் கீழ், அத்திவாரத்தை ஒட்டி, அல்லது வீதியைக் கடந்து என்றால் பொறியியல் தெரிந்த ஒப்பந்தக்காரர், வீதிக்கு அனுமதியும்.

உவர்மலைப் பக்கம் பாறையில் குழாய் ஆழம் குறைவாகவோ நிலத்துக்கு மேலேயோ ஓடும் இடங்களில் வேறு கணக்கு. வெயில் பட்ட பிவிசி வெளுத்து, நொறுங்கும் பதத்துக்கு வரும். அங்கே கமராவைவிடக் கண்ணே போதும்.

## அறிகுறி 4: மாரியில் மட்டும் பொங்குகிறது, கோடையில் ஒன்றுமில்லை

ஐப்பசி தொடங்கித் தை வரை வரும் இந்த முறைப்பாட்டுக்கு மூன்று காரணம்.

முதலாவது, கூரை பீலித் தண்ணீரை யாரோ மான்ஹோலுக்குள் விட்டிருக்கிறார்கள். மழை பெய்யும்போது மூடியைத் திறந்து பாருங்கள், யாரும் தண்ணீர் பாவிக்காத நேரத்தில் ஓட்டம் இருந்தால் பிடிபட்டது. பீலியைப் பிரித்து விடுங்கள், செலவு ஒரு எல்போ. இரண்டாவது, மான்ஹோல் மூடி முற்ற மட்டத்துக்குக் கீழே, வெள்ளம் நேரே உள்ளே போகிறது. சுவரை ஆறு இஞ்சி உயர்த்துங்கள்.

மூன்றாவது, நிலத்தடி நீர் மூட்டுகள் வழியே உள்ளே வருகிறது, அல்லது உறிஞ்சு குழியே நீரில் நிற்கிறது. இதைப் பிரித்தறியக் கமராவை மாரியில்தான் விடவேண்டும். கோடையில் பார்த்தால் மூட்டு ஒழுங்காகத் தெரியும். மாரியில் அதே மூட்டில் ஊசிபோல நீர் பீச்சும், அல்லது சுற்றிலும் வியர்த்து ஒழுகும். மாறாக, தொய்வைப் பார்க்கக் கோடை நல்லது. ஆக இரண்டு பிழையும் சந்தேகம் என்றால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட முடியாது.

மூட்டு எல்லாம் உலர்ந்து, குழியின் மட்டம் கிணற்று மட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் உறிஞ்சு குழிக்கு இடமே இல்லை. மேட்டில் கட்டும் உறிஞ்சு படுகை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். மிஞ்சும் நீரை வீதிக் கானுக்குத் திருப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், முதலில் முறையிடப்போவது பக்கத்து வீடு.

## அறிகுறி 5: நாற்றம், ஆனால் அடைப்பு இல்லை

கமரா கடைசிக்கும் கடைசி. விடுதிகளில் மே முதல் செப்ரெம்பர் வரை ஆட்கள், பிறகு அறைகள் பூட்டு. பூட்டிய அறையின் தள ட்ராப்பில் நீர் வற்றிவிடும், வாயு அந்த வழியே அறைக்குள் வரும். ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டால் வாரக்கணக்கில் நிற்கும்.

ட்ராப் நிறைந்திருந்தும் நாறினால் கொமட்டின் அடியில் சீமெந்து வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு லைனின் வாயுவை வெளியே விடும் காற்றுக் குழாய். அது யன்னலுக்குக் கீழே முடிந்தால் எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை, கூரைக்கு மேல் உயர்த்தவேண்டும்.

## அறிகுறி 6: தண்ணீர் விட்டதும் பேசினில் குளுக் குளுக் என்று சத்தம்

காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது பிரதான லைன் அடைக்கத் தொடங்கியிருக்கிறது. காற்றுக் குழாயின் நுனியில் வலை இல்லாவிட்டால் குளவிக்கூடு, இலை, அணில் கூடு. கூரை ஏறி எண்டோஸ்கோப்பை மேலிருந்து இறக்கினால் நிமிடத்தில் தெரியும். குழாய் சுத்தம், சத்தம் நிற்கவில்லை என்றால் பொங்கும் வரை காத்திராமல் மான்ஹோலைத் திறவுங்கள்.

## அறிகுறி 7: முற்றத்தில் ஓரிடம் தாழ்கிறது, ஈரம் வற்றவில்லை, கிணற்று நீர் மணக்கிறது

குழாய் கசிகிறது, அல்லது குழிச் சுவர். முதல் சோதனை மலிவு: கொமட்டில் கேசரி நிறத்தைக் கரைத்து ஊற்றி நாலு வாளி தண்ணீர் விடுங்கள். குழிக்கு நிறம் வந்து சேருவது மங்கலாகவும் அளவு குறைவாகவும் இருந்தால் வழியில் இழப்பு. ஈரமான இடத்தில் நிறம் கண்டால் அங்கேதான். கிணற்றில் நிறம் தெரியாததை நல்ல செய்தியாக எடுக்கவேண்டாம். மணல் நிறத்தைப் பிடித்துவைக்கலாம், கிருமிகள் போகும்.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி இல்லாத காணிகளில் இந்த அறிகுறி வந்தால் கமராவுக்கு முன்னே நீர் மாதிரியைச் சோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை கொதிக்கவைத்த நீர் அல்லது குழாய் நீர். அதன் பின் கமரா, அடைப்பு இல்லாததால் நேரடியாக விடலாம். வெடிப்பு ஈரத்துக்கு நேர் கீழே இருக்கவேண்டும் என்றில்லை, நீர் குழாயின் வெளிப்புறமாகவே பள்ளப் பக்கம் ஓடிப் பிறகு மேலே வரும். எனவே ஈரத்திலிருந்து வீட்டுப் பக்கமாகத் தேடுங்கள்.

படம் முழுக்கச் சுத்தமாக இருந்தால் சந்தேகம் குழிச் சுவருக்குப் போகிறது. அதைப் பார்க்கக் குழியைக் காலியாக்கவேண்டும், காலியான குழியிலும் வாயு இருக்கும். உள்ளே இறங்கும் வேலை உபகரணத்தோடு வரும் ஆட்களுக்கே.

## அறிகுறி 8: கமராவே சரியாகக் காட்டவில்லை

படம் மங்கல். கண்ணாடியில் கொழுப்பு. வெளியே எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி தடவி லேசாகத் துடைத்துவிட்டு விடுங்கள், மெல்லிய படை நீரை வழுக்கவிடும்.

உள்ளே பனிமூட்டம். சூடான ஆவி. குளியலறையில் வெந்நீர் நிறுத்தி, மான்ஹோல் மூடிகள் இரண்டையும் பத்து நிமிடம் திறந்துவையுங்கள்.

தலை நகரவில்லை. எல்போவில் முட்டியிருக்கிறது. பலத்தால் தள்ளினால் தள்ளுகம்பி மடிந்து முறியும். ஒரு அடி இழுத்து, கேபிளைக் கால் சுற்றுத் திருப்பி, குட்டையான அழுத்தங்களாகத் தள்ளுங்கள். பின்னால் தண்ணீர் விட்டால் இன்னும் வழுக்கும். கமரா இருக்கும் குழாயில் ரொட்டை விடக்கூடாது, இரண்டும் பின்னிக்கொள்ளும்.

தலை சிக்கி வெளியே வரவில்லை. விலகிய மூட்டின் விளிம்பில் நடுவப்படுத்தும் வளையம் மாட்டியிருக்கலாம். இழுக்காதீர்கள். முதலில் முன்னோக்கி ஒரு சாண் தள்ளி, தண்ணீர் விட்டு, மெதுவாகத் திருப்பி இழுங்கள். மூன்று முயற்சிக்குள் வராவிட்டால் சமிக்ஞைக் கருவியால் இடத்தைக் குறித்து மேலிருந்து கிண்டுங்கள். பெரும்பாலும் கிண்டவேண்டிய உடைவும் அதே இடமாகத்தான் இருக்கும்.